காடர் குடியின் காட்டை வரைபடத்தில் கொண்டுவருவது: சமூக வன வள உரிமைக்கு ஆதாரம் திரட்டும் முறை

ஆனைமலை மழைக்காட்டில் வாழ்ந்த காடர் பழங்குடியினருக்கு உழவு வழக்கமில்லை. வேலி போட்டதும் இல்லை, கிஸ்தி கட்டியதும் இல்லை. கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, குங்கிலியம் சேர்த்து, மீன் பிடித்து ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தபடியே பிழைத்தார்கள். அதனால் வருவாய்த்துறையின் பழைய ஏடுகளில் அவர்கள் பெயரைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். அவர்களுடைய ஆதாரம் வேறு மூன்று இடங்களில் கிடக்கிறது: பெரியவர்கள் சொல்லும் இடப்பெயர்களில், யார் எங்கே பிறந்தார் என்ற வம்சக் கணக்கில், காட்டை எடுத்துக்கொண்ட அரசின் சொந்தக் காகிதங்களில். இந்த மூன்றையும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கும் வடிவத்தில் கோப்பாக்குவதுதான் வேலை.

இங்கே காடர் குடிகளை, அதாவது அவர்கள் குடியிருப்புகளை, வைத்தே சொல்கிறோம். மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் குடிகளுக்கும் முறை இதுவே. இடப்பெயரும் பருவமும்தான் மாறும்.

எந்த உரிமையைக் கேட்கிறோம்

முதல் சறுக்கல் இங்கேயே தொடங்குகிறது. சட்டத்தின் கீழ் மூன்று படிவங்கள் உண்டு. ஏ படிவம் தனிநபருக்கு: வீட்டு மனை, பயிர் நிலம். பி படிவம் சமூக உரிமைகளுக்கு: சிறு வன மகசூல், மீன், தண்ணீர், மேய்ச்சல். சி படிவம் சமூக வன வளத்துக்கு. வழக்கமான எல்லைக்குள் இருக்கும் காடு முழுவதையும் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உள்ள உரிமை அது. சட்டத்தில் 3(1)(ஐ) பிரிவு. பல குடிகளில் ஏ படிவத்தை மட்டும் நிரப்பி, வீடு இருக்கும் சில சென்டுக்குப் பட்டா வாங்கியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். காடருக்குப் பிழைப்பு அந்தச் சென்டுகளில் இல்லையே. மூன்றையும் ஒரே சமயத்தில் தயார் செய்யலாம். ஆனால் உழைப்பில் பெரும்பங்கு சி படிவத்துக்குத்தான் போகவேண்டும்.

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் மூன்று தவறான பேச்சுகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘75 வருஷம் இருந்ததற்குச் சான்று கொடு’ என்பார்கள். அந்த நிபந்தனை பழங்குடி அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகளுக்கு உரியது. பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ‘4 ஹெக்டேருக்கு மேல் கிடையாது’ என்பார்கள். அந்த உச்சவரம்பு தனிநபர் நிலத்துக்கு மட்டுமே, சமூக வன வளத்துக்கு இல்லை. ‘இது புலிகள் காப்பகம், இங்கே உரிமை செல்லாது’ என்பார்கள். சமூக வன வளத்துக்குச் சட்டம் தரும் வரையறையிலேயே காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாம் அடக்கம். புலிகளின் முக்கிய வாழிடங்களில் உரிமை வழங்க வேண்டாம் என்று தேசியப் புலிகள் காப்பக ஆணையம் 2017-இல் அனுப்பிய உத்தரவு அடுத்த ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்த உத்தரவை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

நான்காவதாக ஒரு பேச்சும் தமிழ்நாட்டில் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் இட்ட இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவதே இங்கே நின்றிருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் கோப்புகள் நகர்ந்தன. பக்கத்திலேயே, மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் வாழச்சாலில், காடர் குடிகள் உள்ளிட்ட ஒன்பது பழங்குடிக் குடியிருப்புகள் 2014-லேயே சமூக வன வள உரிமை பெற்றுவிட்டன. ஒரே மக்கள், ஒரே காடு. மாநில எல்லை மட்டும்தான் வேறு. உங்கள் கோப்பில் இதை ஒரு பத்தியாகச் சேருங்கள், உதவும்.

கிராம சபையும் குழுவும்

கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதும் கூடும் சபை என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கூட்டினால் காடர்கள் அங்கே கைவிரல் எண்ணிக்கையில் நிற்பார்கள். இந்தச் சட்டத்தில் கிராமம் என்பதற்குள் வனக் கிராமங்களும், பழைய குடியிருப்புகளும், அளவை செய்யப்படாத குடிகளும் வருகின்றன. ஆகவே செட்டில்மென்ட் எனப்படும் குடியிருப்பின் வயதுவந்தோர் அனைவரும் கூடுவதே சபை. வால்பாறையைப்போல் நகராட்சி எல்லைக்குள் சிக்கிய குடிகளுக்கு ‘உங்களுக்குக் கிராம சபையே கிடையாது’ என்று பதில் வரக்கூடும். இந்த வரையறையைக் காட்டி, உட்கோட்ட அளவிலான குழுவின் தலைவருக்கு, ஆனைமலைப் பகுதியென்றால் பொள்ளாச்சி சார் ஆட்சியருக்கு, எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

முதல் கூட்டத்தில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். சபை உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் மொத்த வயதுவந்தோர் எத்தனை, வந்தவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை என்று மூன்று எண்களையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துக் குறைவு என்று கோப்பைத் திருப்பி அனுப்புவது மிக எளிது. வனத்துறை ஏற்கெனவே அமைத்திருக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுவையே வன உரிமைக் குழு என்று காட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தரையில் வரையுங்கள்

ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டு நேரே காட்டுக்குள் போவது தவறான தொடக்கம். வழி தெரிந்த நாலு இளைஞர்கள் போய் ஒரு கோட்டை வரைந்துவிட்டு வருவார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

குடியின் நடு மைதானத்தில் குடித்தலைவரான மூப்பனும் பெரியவர்களும் உட்காரட்டும். கோலப்பொடியால் முதலில் ஆறுகளை மட்டும் போடச் சொல்லுங்கள். மழைக்காட்டில் திசை என்பது வடக்கு தெற்கு அல்ல, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான். ஆறு சரியாக விழுந்துவிட்டால் ஓடைகள் தானாக வரும், ஓடைகளின் தலையில் மேடுகள் வரும். அதன்பின் கல்லை வைத்துப் பாறை, இலையை வைத்துக் கிழங்குக்காடு, குச்சியை வைத்துப் பாதை. பழைய குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கரித்துண்டு. ஆண்கள் போட்டு முடித்தபின் பெண்களைத் தனியாக இன்னொரு வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது. ஆண்கள் தேன்பாறையையும் தொலைவில் உள்ள மேடுகளையும் வைப்பார்கள். பெண்கள் கிழங்கு, கீரை, மீன்பிடிக்கும் கசம் (ஆழமான மடு), விறகு, பிரசவத்துக்கு ஒதுங்கிய இடம் என்று நெருக்கமாக நிரப்புவார்கள். எல்லைக்கோட்டின் தூரத்தை ஆண்களின் வரைபடம் காட்டும். அதற்குள் இருக்கும் அன்றாடப் பயன்பாட்டைப் பெண்களின் வரைபடம்தான் காட்டும். சட்டம் கேட்பதில் பாதி அதுதான்: கிழங்கும் காட்டுப் பழமும் எடுக்கும் இடம், மீன்பிடி இடம், குடிநீர், மருந்துச் செடி, புனித மரம், காவு (தெய்வத்துக்கு விட்ட சோலை), இடுகாடு என்று வன உரிமைச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 13(2) விதி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறது.

தரை வரைபடத்தை நேர் மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு, நாலு சார்ட் பேப்பரை ஒட்டி அதில் பென்சிலால் மாற்றுங்கள். வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு எண் கொடுத்து நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: எண், குடி சொல்லும் பெயர், பெயருக்குக் காரணம், அங்கே என்ன செய்வார்கள், எந்த மாதம், சொன்னவர் பெயர். மாதிரிக்கு ஒரு வரி:

17 – தேனீப்பாறை – மேற்கே சாய்ந்த பாறை, மூன்று பொந்து – மலைத்தேன் – சித்திரை, வைகாசி – மூப்பனும் அவர் மைத்துனரும் சொன்னது – கடைசியாக எடுத்தது போன வருஷம்.

பெயரை அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதுங்கள். ‘திருத்தமான’ தமிழாக்க வேண்டாம். காடர் பேச்சில் உள்ள ஒலியை மாற்றிவிட்டால், பின்னால் பழைய வனத்துறை வரைபடத்தில் உள்ள பெயரோடு பொருத்திப் பார்க்க முடியாமல் போகும்.

பருவக் கணக்கையும் இந்தக் கூட்டத்திலேயே எடுத்துவிடலாம். வெயில் காலத்தில் மழை தொடங்கும்வரை மலைத்தேன், காய்ந்த மாதங்களில் கருங்குங்கிலியம், மழை ஓய்ந்தபின் கவலைக்கிழங்கு முதலிய காட்டு வள்ளிக்கிழங்குகள், ஆறு வற்றும்போது மீன் என்று பொதுவாக வரும். குடிக்குக் குடி வேறுபடும், கேட்டே எழுதுங்கள்.

நடந்து அளப்பது

நடைக்கு ஏற்ற காலம் மார்கழியிலிருந்து மாசிவரை. தென்மேற்கு மழையில் அட்டையும் வழுக்குப் பாறையும் மட்டுமல்ல, மேகமும் நனைந்த இலைக்கூரையும் ஜிபிஎஸ் அளவையும் கெடுக்கும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம்: இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண், வழி பார்க்க இரண்டு இளைஞர்கள், குறிப்பெடுக்க ஒருவர், போனைக் கையாள ஒருவர். யானை நடமாட்டம் உள்ள பாதையில் வெளிச்சம் நன்றாக வந்தபின் இறங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்புகிற மாதிரி திட்டமிடுங்கள். சரிவான காட்டில் நின்று நின்று குறிப்பெடுத்தால் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. பேனா ஈரத்தில் கலங்கும், பென்சில்தான் நல்லது.

போனில் க்யூஃபீல்டு போன்ற இலவசச் செயலி போதும். கிளம்புமுன் வெட்டவெளியில் நின்று ஐந்து நிமிடம் செயற்கைக்கோள் பிடிக்க விடுங்கள். திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் பிழை காட்டும் போன், அடர்ந்த சோலைக்குள் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இன்னும் மோசம். பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால், நீங்கள் இந்தக் கரையிலேயே நடந்திருந்தாலும் தடம் அந்தக் கரைக்குத் தாவித் தாவி வரும். முக்கியமான இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, சராசரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பிழை எத்தனை மீட்டர் என்று செயலி காட்டும் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது, எல்லையைப் புள்ளிகளை இணைத்த கோடாக எழுதாமல் இருப்பது. ‘இந்த ஓடை ஆற்றில் சேரும் இடத்திலிருந்து ஆற்றின் மேல்நோக்கி வலது கரையாக, மூன்றாம் ஓடை வரை, அங்கிருந்து மலைமுகட்டின் நீர்பிரி கோடு வழியாக’ என்று இயற்கை அடையாளத்தால் எழுதுங்கள். புள்ளிகள் அதற்குத் துணை. ஜிபிஎஸ் பிழையைக் காட்டி எல்லையையே சந்தேகிக்க அப்போது யாருக்கும் இடமிருக்காது. 12-ஆம் விதியும் அடையாளம் தெரியும் நிலக்குறிகளோடு கூடிய வரைபடத்தைத்தான் கேட்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் தடங்களை ஏற்றி, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தின்மேல் பொருத்துங்கள். பழைய எண்வரிசையில் வால்பாறையும் டாப்சிலிப்பும் 58 பி/15 தாளில் வருகின்றன. அந்த அளவில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பரப்பளவு கணக்கிடும்முன் மென்பொருளின் ஆயத்தொலை அமைப்பை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்ற மறந்தால், டிகிரியில் கணக்கிட்டு அர்த்தமில்லாத எண் வரும். அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டுப் பின்னால் திருத்தினால், கோரிக்கையையே ஊதிப் பெருக்கியதாகப் பேச்சு கிளம்பும். வனத்துறை காட்டைப் பிரித்திருக்கும் கம்பார்ட்மென்ட் கட்டங்களின் எண்களைக் கடைசியில்தான் மேலே போட்டுப் பார்க்க வேண்டும். முதலிலேயே அந்தக் கட்டங்களைக் காட்டிவிட்டால், பெரியவர்கள் தங்கள் எல்லையை அதற்கேற்ப மடக்கிச் சொல்லத் தொடங்குவார்கள்.

அடுத்த குடியோடு எல்லை மோதும். கட்டாயம் மோதும், ஏனென்றால் கிழங்கு தோண்டும் மக்களின் காடு வயலைப்போல் வரப்பு கட்டிப் பிரிந்ததில்லை. ஒரு பாறையில் தேன் எடுக்கும் உரிமை ஒரு குடிக்கும், அதே பாறைக்கடியில் மீன்பிடிக்கும் உரிமை இன்னொரு குடிக்கும் இருக்கலாம். கோட்டை நடுவில் போட்டுப் பிரிக்க வேண்டாம். சி படிவத்திலேயே எல்லையோரக் கிராமங்களைக் குறிக்கும் கட்டத்தில், வளத்தையும் பொறுப்பையும் பகிர்வது பற்றி எழுத இடமுண்டு. இரண்டு குடிப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ‘இந்தப் பகுதி இரு குடிக்கும் பொது’ என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை இணையுங்கள். இந்தத் தாள் இல்லாமல் போன கோரிக்கைகள் ‘எல்லைத் தகராறு’ என்ற ஒற்றை வரியில் கிடப்பில் போடப்படும்.

வரைபடத்தில் இரண்டு பிரதி தயாரியுங்கள். குடியிடம் இருக்கும் பிரதியில் எல்லாம் இருக்கட்டும். அலுவலகத்துக்குப் போகும் பிரதியில் தேன்பாறை, இடுகாடு, காவு ஆகியவற்றைத் துல்லியமான புள்ளியாக வைக்காமல், அந்தப் பகுதியை நிழலிட்டுக் காட்டினால் போதும். கோப்பு யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

வரைபடம் இத்தனை பெரிய விஷயமா என்று தோன்றினால் மலேசியாவின் சரவாக் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே இபான் பழங்குடியினரின் ஒரு நீள்வீட்டுக் குடி, தானே வரைந்த வரைபடத்தை வைத்து ஒரு தோட்ட நிறுவனத்துக்கு எதிராக 2001-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றது. அதே ஆண்டில் மாநில அரசு, உரிமம் பெற்ற நில அளவையர் அல்லாதவர்கள் இப்படி வரைபடம் போடுவதையே கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. மேல்முறையீட்டில் அந்தக் குடிக்குக் கிடைத்த தீர்ப்பு நிலைக்கவில்லை, வழக்காறு சார்ந்த உரிமை என்ற கோட்பாடு நிலைத்தது. நம் விதிகளிலோ குடி வரைந்த வரைபடத்துக்கு நேரடியாகவே இடம் இருக்கிறது.

வம்சக் கணக்கு

13-ஆம் விதி ஏற்கும் சான்றுகளில் ஒன்று, முன்னோர் வழியைக் காட்டும் வம்சாவளி. இதை எடுக்க மானுடவியலில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கும் ஒரு முறை உண்டு. ஆங்கிலேய மானுடவியலாளர் ரிவர்ஸ் 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் அதை உருவாக்கி, 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தொதவர்களிடம் விரிவாகப் பயன்படுத்தினார். சாரம் இதுதான்: அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து உறவைத் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது. அண்ணன், மாமா, சித்தப்பா என்று கேட்டால் குழப்பம்தான். பங்காளி முறையில் பத்துப்பேர் அண்ணனாவார்கள். ‘உங்களைப் பெற்றவர்’ என்று தெளிவாகக் கேட்டு, அவரைப் பெற்றவர்களுக்குப் போய், அங்கிருந்து அவர்கள் பிள்ளைகளை வயது வரிசையில் கீழே இறக்குங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மேல் குறுக்குக்கோடு. தாய்வழியையும் விடாதீர்கள்.

பெயரைக் கேட்பதில் நுணுக்கம் உண்டு. இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற தடை தொதவரிடம் இருந்ததால், ரிவர்ஸ் ஒரு குடும்பத்தின் கணக்கை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு எடுத்தார். கணவன் பெயரைச் சொல்லத் தயங்கும் பாட்டியிடமும் இதே வழிதான்: நாத்தனாரிடம் கேளுங்கள். ஒவ்வொரு கிளையையும் இரண்டு பேரிடம் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முரண்பட்டால் மூன்றாமவர்.

உரிமைக் கோரிக்கைக்காக இதில் நாம் சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பிறந்த இடம், இறந்த இடம், புதைத்த இடம். இந்த இடங்களைத் தரை வரைபடத்தின் எண்களோடு இணையுங்கள். அப்போதுதான் ஒரு குடும்பத்தின் பாட்டி இன்று ஆளில்லாத மேல்காட்டுக் குடியில் பிறந்தாள், அம்மா அணை வேலை நடந்த காலத்தில் கீழே வந்தாள், பேரன் இன்றைய செட்டில்மென்டில் பிறந்தான் என்ற நகர்வு காகிதத்தில் தெரியும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், நாலு தலைமுறை ஒரு நூற்றாண்டை மூடும். காடர் இடம் மாறியதை, ‘இவர்கள் நேற்று வந்தவர்கள்’ என்பதற்குச் சான்றாகத் திருப்புவார்கள். வம்சக் கணக்கோடு இணைந்த இந்த இடப்பட்டியல் அதற்குப் பதில்.

வயது தெரியாதவர்களுக்கு நிகழ்ச்சி அட்டவணை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இழுத்த கொச்சி வன டிராம் 1907-இல் தொடங்கி 1963 வரை ஓடியது. ஆனைமலைச் சரணாலயம் 1976, எம்ஜிஆர் முதல்வரானது 1977, புலிகள் காப்பகம் 2007. ‘டிராம் நிற்கும்போது நான் இவ்வளவு உயரம்’ என்று ஒருவர் கையால் காட்டினால் பிறந்த ஆண்டு ஓரளவு கிடைத்துவிடும்.

அரசின் காகிதத்தில் காடர்

இது பொறுமை வேண்டிய பகுதி. கிடைத்தால் கனமான சான்றும் இதுதான், ஏனென்றால் அலுவலகம் தன் காகிதத்தைத் தானே மறுக்காது. ஆனைமலைத் தேக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்க் கப்பல்தளத்துக்குப் போயிற்று. காட்டுக்குள் வழிகாட்டவும் தேன், ஏலக்காய் சேர்த்துத் தரவும் காடர்களையே நம்பியிருந்தார்கள். அதனால் அந்தக் கால வன அறிக்கைகளில் அவர்கள் இடையிடையே வருகிறார்கள். 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி காப்புக்காடாக அறிவிக்குமுன், 4-ஆம் பிரிவில் அறிவிப்பு வந்து, வன நிர்ணய அலுவலர் உரிமைகளை விசாரித்து, 16-ஆம் பிரிவில் இறுதி அறிவிப்பு வரவேண்டும். அந்த விசாரணைக் கோப்பில் பாதை, தண்ணீர், வன மகசூல் பற்றிய சலுகைகள் எழுதப்பட்டிருக்கலாம். ஒன்றுமே எழுதப்படவில்லை என்றாலும் கவலை வேண்டாம். பழைய நிர்ணய அறிக்கையில் பெயர் இல்லை என்பதை மட்டும் காரணமாக்கிக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 12ஏ விதி சொல்கிறது.

தேட வேண்டிய இடங்கள்: சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் வன நடவடிக்கைகள், புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழின் அறிவிப்புகள், எழும்பூரிலேயே கன்னிமாரா நூலகத்தில் மாவட்டக் கையேடுகள், குடிமதிப்பு அறிக்கைகள், கோட்ட வன அலுவலகத்தில் ஒர்க்கிங் பிளான்கள் எனப்படும் வன நிர்வாகத் திட்டங்கள், கொச்சிப் பக்கத்துக் குடிகளுக்குக் கேரள ஆவணக் காப்பகத்தில் உள்ள கொச்சி அரசுக் கோப்புகள். சமஸ்தானப் பதிவுகளையும் விதி தனியாக ஏற்கிறது. ஆங்கிலப் பட்டியலில் தேடும்போது ‘காடர்’ என்ற பெயரைக் கடைசியில் ஏ-ஆர், இ-ஆர், ஐ-ஆர் என்று மூன்று விதமாகவும், தொடக்கத்தில் கே-க்குப் பதில் சி போட்டும் பாருங்கள். ஆனைமலையை அதைவிடக் கண்டபடி எழுதியிருப்பார்கள்.

அச்சில் உள்ளவற்றில் இரண்டு கட்டாயம். ஒன்று, தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909-இல் ஏழு தொகுதியாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும். இன்னொன்று, சென்னைப் பல்கலைக்கழகம் 1952-இல் வெளியிட்ட, கொச்சிக் காடர்பற்றி ஏரன்ஃபெல்ஸ் எழுதிய நூல். பல்லைக் கூராக்குவதும் மூங்கில் சீப்பும் அக்கால எழுத்தாளர்களை மிகவும் ஈர்த்தன. அந்தப் பக்கங்கள் நமக்கு எந்த வகையிலும் பயன்படாது. தேன் எடுப்பது, கிழங்கு, குடியிருந்த இடங்கள் வரும் பக்கங்களை மட்டும் தலைப்புப் பக்கத்தோடு சேர்த்து நகலெடுங்கள். கூடவே அரைப்பக்கத் தமிழ்ச் சுருக்கம் வைத்துச் சபையில் வாசித்துக் காட்டுங்கள். பழைய எழுத்தில் இழிவான சொற்கள் வரும். அவை கோப்பில் போவது குடிக்குச் சம்மதமா என்று கேட்டபின் வையுங்கள்.

வனத்துறையிடம் ஆவணம் கேட்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனால் அதற்கு முன், வன உரிமைக் குழுவின் கடிதத்தாளிலேயே எழுதுங்கள். குழு எழுதிக் கேட்டால் சான்றளித்த நகலைத் தர வேண்டும் என்பது 12-ஆம் விதி.

பெரியவர் வாக்குமூலம்

‘கோரிக்கையாளர் அல்லாத பெரியவர்களின் எழுத்துவடிவ வாக்குமூலம்’ என்கிறது விதி. சமூக வன வளத்தில் கோருவது முழுச் சபையும் என்பதால், சொந்தக் குடிப் பெரியவர் சொன்னது எடுபடாது என்று யாராவது கிளப்பலாம். பக்கத்துக் குடியிலோ, தோட்டத்தில் வேலை பார்த்த பழைய தொழிலாளரிடமோ, ஓய்வுபெற்ற வனக் காவலரிடமோ இரண்டு மூன்று வாக்குமூலம் வாங்குவது பாதுகாப்பு. எல்லாருக்கும் ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து கைநாட்டு வாங்குவதுபோல் கோப்பைக் கெடுப்பது வேறில்லை. அவரவர் பேச்சில், தான் பார்த்ததை மட்டும், இடத்தின் எண்ணோடு எழுதுங்கள்: ‘நான் சிறு பையனாக இருக்கும்போது 17-ஆம் எண் பாறையில் காடர்கள் அமாவாசை ராத்திரி தேன் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், பங்கு வாங்கியும் தின்றிருக்கிறேன்.’ எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டியதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து.

கோப்பு கட்டுவது, கொடுப்பது, பின்தொடர்வது

சபை கோரிக்கைகளை அழைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் படிவம் தயாராக வேண்டும். போதாவிட்டால் காரணம் எழுதிச் சபையே நீட்டிக்கலாம். ஆதலால் மேலே சொன்ன நடையையும் ஆவணத் தேடலையும் முடித்துவிட்டு, அதன்பின் அழைப்புத் தீர்மானம் போடுவது புத்திசாலித்தனம்.

கள ஆய்வுக்கு ரேஞ்சருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் தேதியிட்டு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வந்தால் நடவடிக்கைக் குறிப்பில் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டியது அவர்கள் கடமை. வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால், தங்களுக்குத் தகவல் வரவில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். மறு ஆய்வுக்கும் வராவிட்டால் சபையின் முடிவே இறுதி. அந்த ஒப்புகைச் சீட்டுக்கு அத்தனை மதிப்பு.

ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சான்று கட்டாயம். கோப்பை இந்த வரிசையில் கட்டினால் படிப்பவருக்கு எளிது: சி படிவம், தீர்மானத்தின் நகல், வரைபடம், எல்லை விவரிப்பு, இட எண் பட்டியல், பகிர்வு ஒப்பந்தம், வம்ச வரைபடம், வாக்குமூலங்கள், அரசு ஆவண நகல்கள், படங்கள். எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண் இடுங்கள். மூன்று பிரதி: உட்கோட்டக் குழுவுக்கு ஒன்று, வன உரிமைக் குழுவிடம் ஒன்று, ஊருக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒன்று.

உட்கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ ‘செயற்கைக்கோள் படத்தில் ஒன்றும் தெரியவில்லை’ என்று சொன்னால் அசர வேண்டாம். கிழங்கு தோண்டியதும் தேன் எடுத்ததும் வானத்திலிருந்து தெரியாது. அந்தப் படம் துணைச் சான்றுதான், மற்றவற்றுக்கு மாற்று ஆகாது. குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தவும் விதி இடம் தரவில்லை. குறை இருந்தால் கோரிக்கையை வெட்டியோ நிராகரித்தோ விடாமல் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உட்கோட்டக் குழுவின் முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மனு. எனவே முடிவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

உரிமைப் பத்திரம் வரும் நாளில் கைதட்டி வாங்கிக்கொண்டு போய்விடாமல், மேடையிலிருந்து இறங்கியதும் உட்கார்ந்து படியுங்கள். சமூக வன வளத்துக்கு நான்காம் இணைப்பு என்ற வடிவம்தான் வரவேண்டும். மூன்றாம் இணைப்பில் வந்திருந்தால் அது மகசூல் உரிமை மட்டும், நிர்வகிக்கும் உரிமை அல்ல. பரப்பும் எல்லையும் நீங்கள் கொடுத்ததோடு ஒத்துப்போகிறதா, கம்பார்ட்மென்ட் ஏதாவது விடுபட்டதா, சட்டத்தில் இல்லாத நிபந்தனை எதையாவது கடைசிப் பத்தியில் சேர்த்திருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். பிறகு, மூன்று மாதத்துக்குள் இந்த எல்லை வருவாய், வனத்துறைப் பதிவேடுகளில் ஏற வேண்டும். ஏறியதற்கான சான்றளித்த நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஒர்க்கிங் பிளானை எழுத வருபவர் உங்கள் பத்திரத்தைப் பார்க்க மாட்டார், பதிவேட்டைத்தான் பார்ப்பார்.